படகில் ஏற்றும் நெருப்பு

வேளிமலைப் பக்கமிருந்து இறங்கிவரும் வள்ளியாறு கடலிற் கலக்கும் இடத்தில், பாறைக்கும் மணலுக்கும் நடுவே அமைந்த கடியப்பட்டணத்தில், புனித பேதுரு பவுல் ஆலயத்தின் அருகே நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம், யோவான் எழுதிய சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்திலுள்ள ஒரு காட்சி என் நினைவுக்கு வருகிறது. இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் சலித்த பேதுருவும் தோழர்களும், விடியற்காலையில் வலை நிறைந்த மீனோடு கரை சேருகிறார்கள். அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டு, அதன்மேல் மீன் வைக்கப்பட்டிருக்கிறது. மீனவராயிருந்து அப்போஸ்தலரான அவரைப் பாதுகாவலராகக் கொண்ட இவ்வூரில் பிறந்த எவரும் அறிந்த கதை இது. அந்த நெருப்பு கரையில் இருக்கிறது, படகில் இல்லை என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்; ஏனெனில் எங்கள் கரையின் பழைய வழக்கமும் அதுவாகவே இருந்தது.

கட்டுமரத்தில் அடுப்புக்கு இடம் ஏது? கட்டிய தடிகளின் மேல் அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்த ஆளின் இடுப்புவரை நனைந்துவிடும். விடியுமுன் மரம் தள்ளினவர்கள் வெயில் ஏறுவதற்குள் கரை திரும்புவார்கள் என்பதால், ஒரு கலயம் பழங்கஞ்சியும் ஒரு துண்டு கருவாடும் இருந்தால் அன்றைய பாட்டுக்குப் போதும். நெருப்பு கடலுக்குப் போனதெல்லாம் வெளிச்சத்துக்காகத்தான்: முதலில் ஓலைச்சூட்டு, பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஆள் கடலிலும் அடுப்பு கரையிலும் இருந்தவரையில், படகில் எந்த அடுப்பை வைப்பது என்ற கேள்விக்கே அவசியம் இல்லாமல் இருந்தது.

அந்த நிலைமை எங்கள் கண்முன்னேயே மாறிவிட்டது. 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் எஞ்சின் பொருத்திய படகுகளை இக்கடலோரத்துக்கு அறிமுகப்படுத்தியது. 1980-களில் முட்டத்துப் படகுகட்டும் நிலையத்தில், பியர் ஜில்லே என்ற ஐரோப்பிய நிபுணரும் உள்ளூர்த் தொழிலாளரும் சேர்ந்து ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் பைபர் வள்ளங்கள் கரையெங்கும் நிறைந்தன. மேற்கே நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள தூத்தூர் வட்டாரத்து எட்டுக் கிராமங்களின் மீனவர்களோ, சுறாவையும் சூரையையும் தேடித் தூண்டிலோடு பெரிய விசைப்படகுகளில் முப்பது நாற்பது நாட்கள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் வல்லமை பெற்றவர்களாகப் பெயரெடுத்தார்கள். தங்குகடல் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தொழிலில், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மாதத்துக்கு மேல் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், நனைந்ததை உலர்த்த வேண்டும். ஆகவே கரையிலிருந்த அடுப்பு படகில் ஏறிவிட்டது.

ஏறிய அடுப்பை ஒருமுறை அருகிலிருந்து பார்ப்போம். வீல்ஹவுஸின் பின்புறத்தில், ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாத ஒரு மூலை. இரும்புத் தட்டின்மேல் இரட்டை அடுப்பு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கம்பிகளை வெல்டு வைத்து, படகு எவ்வளவு சாய்ந்தாலும் பானை நழுவாதபடி வேலி போட்டிருக்கிறார்கள். சோற்றுப்பானையில் பாதிக்கு மேல் தண்ணீர் வைப்பதில்லை. மீறி வைத்தால் கொதிநீர் தொடையில் கொட்டும் என்பதைச் சமைப்பவர் தம் காலிலுள்ள தழும்பைக் காட்டியே எனக்குச் சொன்னார். இரவு இரண்டு மணிக்குத் தூண்டில் ஏற்றும் நேரத்தில், ஒரு காலைச் சுவரில் ஊன்றி முதுகை எதிர்ச்சுவரில் சாய்த்துக்கொண்டு, அவர் போடும் கட்டன் சாயாவின் சூடு, நனைந்த கையில் தம்ளரைப் பிடிக்கிறவனுக்கு எத்தகைய ஆறுதல் என்பதைக் கரையில் இருப்பவர் அறிவது கடினம். ஆகையால் இந்தப் பிரச்சினையை வெறும் சமையல் பிரச்சினையாக எண்ணிவிடக் கூடாது. படகிலே அடுப்பு என்பது ஆகாரம், உஷ்ணம், உலர்வு மூன்றுக்கும் ஒரே ஆதாரமாக இருக்கிறது.

படகில் எந்த அடுப்பை வைப்பது என்ற இதே கேள்வியைப் பல தலைமுறைகளாக ஆராய்ந்து பார்த்தவர்கள் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுக்காரர்கள். ஏழடி அகலமே உள்ள மதகறைகளின் வழியே செல்ல வேண்டியிருந்ததால், ஆறடி பத்தங்குல அகலமும் எழுபதடி வரை நீளமுமாகக் கட்டப்பட்ட அந்த ஒடுங்கிய படகுகளின் பின்புறத்தில், சுமார் பத்தடி நீள அறையொன்றில் ஒரு குடும்பமே குளிர்காலம் முழுவதும் வாழ்ந்தது. நிலக்கரி ஏற்றிச் செல்லும் படகானால் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. சிறியதோர் இரும்பு அடுப்பே சமையலுக்கும் குளிருக்கும் துணை. இன்று அப்படகுகளில் வசிப்போர் விறகும் கரியும் எரிக்கும் இரும்பு அடுப்பு, டீசலால் காற்றைச் சூடாக்கும் கருவி, வாயுவால் வெந்நீர் தயாரிக்கும் கொதிகலம் ஆகியவற்றில் எதைக் கொள்வது என்று விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவை அறிவிக்கும் மணி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று அங்கே விதி செய்யப்பட்டிருக்கிறது. நம் பக்கத்திலும், 1860-ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, குளச்சல் பக்கம் வரை வந்து, கன்னியாகுமரியை எட்டாமலே நின்றுபோன அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் முழுமை பெற்றிருக்குமானால், கால்வாய்ப் படகில் குடித்தனம் நடத்தும் அனுபவம் நமக்கும் கிடைத்திருக்கலாம்.

இந்தியாவிலேயே குளிருக்காகப் படகில் நெருப்பு மூட்டும் இடம் காசுமீரத்துத் தால் ஏரி. தேவதாரு மரத்தாலான அந்தப் படகுவீடுகளில் புகாரி என்னும் தகர அடுப்பில் விறகு எரித்து, புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேலே விடுகிறார்கள். 2023 நவம்பர் 11-ஆம் நாள் விடியற்காலையில் அந்த ஏரியில் மூண்ட தீயில் பல படகுவீடுகள் சாம்பலாகி, வங்காள தேசத்திலிருந்து வந்த 3 பிரயாணிகள் உயிரிழந்தனர். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் படகுத் தீயை அணைக்க முடியாமற் போகிறது என்பதை அச்சம்பவம் பிரத்தியட்சமாகக் காட்டியது. தரையில் வீடு பற்றினால் வாசல் வழியே ஓடலாம்; கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைலுக்கு அப்பால் படகு பற்றினால் ஓட இடமில்லை.

இனி எரிபொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். கடலில் மிகப் பழமையானது விறகே. மத்தியதரைக் கடலில் ஏழாம் நூற்றாண்டில் மூழ்கி, துருக்கிக் கரையை அடுத்த யாசியடா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கப்பலில், ஓடு வேய்ந்த சமையலறையும் அதனுள் அடுப்பும் இருந்தது கண்டறியப்பட்டது. மணல் நிரப்பிய பெட்டியின்மேல் கல்லைக் கூட்டி எரிப்பது எளிய முறை, மலிவானது, விறகும் தேங்காய் மட்டையும் நம் கரையில் தாராளமாகக் கிடைப்பன. ஆயினும் கணக்குப் பார்த்தால் அது தங்குகடலுக்கு ஒவ்வாது என்பது தெரியும். உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 கிலோகலோரி உஷ்ணம் தரும். திறந்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் பானைக்குப் போய்ச் சேரும். வீட்டில் உபயோகிக்கும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை விறகால் செய்ய வேண்டுமானால், 150 முதல் 200 கிலோ வரை விறகு ஏற்ற வேண்டும். ஐஸும் எண்ணெயும் குடிதண்ணீரும் ஏற்றவே இடம் போதாத படகில் அதை எங்கே அடுக்குவது? அடுக்கினாலும் மூன்றாம் நாளே உப்பு நீரில் ஊறிப்போகும்.

விறகைவிடக் கரி சிறிய இடத்தில் அடங்கும், புகையும் குறைவு என்பதால் அதை விரும்புவோர் உண்டு. ஆனால் என் அபிப்பிராயத்தில் படகின் அறைக்குள் கொண்டுபோகவே கூடாத பொருள் ஒன்று இருக்குமானால் அது கரிச்சட்டிதான். புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், ஆள் வெளியே ஓடுவான். கனிந்த கரியோ கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்ஸைடை மௌனமாக வெளியிடும். பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுதலோடு அது இரத்தத்தின் சிவப்புப் பொருளைப் பிடித்துக்கொள்வதால், உடம்பு மூச்சுத் திணறலைக்கூட உணராமலே தளர்ந்துவிடும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், வாந்தி என்று வரிசையாக வரும் அடையாளங்கள், கடல் மயக்கத்தின் அடையாளங்களாகவே இருப்பது படகில் உள்ள தனி அபாயம். தலை சுற்றுகிறது என்று புதிய ஆள் ஒருவன் சொன்னால், போய்ப் படுத்துக்கொள் என்று அவனை அதே அறைக்குள் அனுப்புவதுதான் நம் வழக்கம். மழைக்காலத்தில் கதவையும் பலகணியையும் அடைத்துக்கொண்டு, உள்ளே கனல் வைத்து உறங்குவது மரணத்தைப் பக்கத்தில் படுக்க வைப்பதற்குச் சமானம். இதைப் படிக்கும் மீனவ வாலிபர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது மறவாதிருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் எங்கள் கரைக்கு நெடுங்காலத் தோழன். 1892-இல் சுவீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு, திரி இல்லாமல், காற்றடித்த அழுத்தத்தால் எண்ணெயை ஆவியாக்கி எரிப்பது. நம் பெட்ரோமாக்ஸ் விளக்கின் தத்துவமும் அதுவே. துருவப் பிரயாணம் செய்த நான்சென் முதலியோர் நம்பிக் கொண்டுசென்ற சாதனம் அது. அதில் ஒரு சிலிண்டர் வாயுவின் வேலையைச் சுமார் 23 லிட்டர் மண்ணெண்ணெய் செய்துவிடும். சிந்தினாலும் சாதாரண வெப்பத்தில் உடனே பற்றாது. கசிந்தால் வாசனையே காட்டிக்கொடுக்கும். இவ்வளவு நற்குணங்கள் இருந்தும், வள்ளங்களில் அது ஏற்படுத்தும் பயம் வேறோரிடத்திலிருந்து வருகிறது. வெளிப்பொருத்து எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது வழக்கமாதலால், இரண்டும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் கன்னாசுகளில் பக்கம் பக்கமாக இருக்கும். இருட்டில், அவசரத்தில், அடுப்பின் தொட்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை; பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடும் திரவம் அது. பெட்ரோல் கன்னாசின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிற்று முடிச்சு இருந்தால், இருட்டில் கையே கண்ணாகி வித்தியாசத்தை உணர்த்தும். இதைச் செய்திருக்கும் வள்ளக்காரர் ஒருவரை நான் அறிவேன். எல்லாரும் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆயினும் விசைப்படகுகளில் இன்று ஆட்சி செய்வது சமையல் வாயுதான். வேகம், சுத்தம், பாத்திரத்தில் கரி பிடியாமை, திருகியதும் எரிந்து திருகியதும் அணையும் சௌகரியம் ஆகியவற்றுக்கு நிகர் வேறில்லை. கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி. அதில் பாதிக்கு மேல் பானைக்கே போகிறது. இருந்தாலும் வீட்டுக்கும் படகுக்கும் உள்ள ஓர் அடிப்படை வித்தியாசத்தை மறந்துவிட்டு, வீட்டு வழக்கத்தை அப்படியே படகுக்குக் கொண்டுபோனதுதான் நாம் செய்த பிழை. இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் தரையோடு பரவி வாசற்படியைத் தாண்டி வெளியேற வழி உண்டு. படகுக்கோ கீழே வாசல் கிடையாது. தண்ணீர் புகாதபடி கட்டப்பட்ட பாத்திரம் அது. கசியும் வாயு நீரைப்போலவே பலகை இடுக்குகளின் வழியே இறங்கி, அடித்தளத்தில், எஞ்சினின் காலடியில், நாட்கணக்கில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே வெடிக்கக்கூடிய பொருளாதலால், கசிந்த ஒரே ஒரு கிலோ சுமார் 20 கன மீட்டர் இடத்தை வெடிமருந்து அறையாக மாற்றிவிடும். கசிவை அறிவிக்கவென்றே அதில் துர்நாற்றமுள்ள பொருளொன்றைச் சேர்க்கிறார்கள். ஆனால் நாற்றம் காலடியில், மூக்கு ஐந்தடி உயரத்தில். போதாததற்கு மீனும் டீசலும் ஏற்கெனவே மூக்கை மழுங்கச் செய்திருக்கின்றன.

ஒரு துறைமுகத்தில் நின்ற படகொன்றில், எஞ்சின் அறைக்கு இறங்கும் ஏணியின் அடியிலேயே இரண்டு சிலிண்டர்களை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்ததைக் கண்டு நான் திடுக்கிட்டேன். வெயில் படாமலும் உருளாமலும் இருக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று அங்கிருந்தவர்கள் எனக்கு விளக்கினார்கள். வெயிலையும் அலையையும் நினைத்த அவர்கள் காற்றை நினைக்கவில்லை. அவர்களுடைய நோக்கத்தில் குற்றம் காண எனக்கு மனமில்லை; கடலின் எந்தக் குணமும் அறியாதவர்களல்லர் அவர்கள்; இந்த வாயுவின் குணத்தை அவர்களுக்குப் பொறுப்போடு எடுத்துச் சொல்ல யாரும் வரவில்லை என்பதே உண்மை.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2,000 வாட் மின்னடுப்பு ஒன்று 24 வோல்ட் மின்கலத்திலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்கும் வயர்லெஸுக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் வேண்டிய சக்தியைச் சோற்றுக்குச் செலவிடுவது விவேகமாகாது. டீசலில் இயங்கும் காற்றுச் சூடாக்கி, வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே புகையை விடுவதால் குளிர்நாடுகளில் மிக நல்ல சாதனம். ஆனால் அதற்கும் மின்கலம் வேண்டும், அதில் சோறு வேகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எங்கள் கரையின் படகுகளை அலைக்கழித்தபோது, எஞ்சின் நின்றபின் கடலின் போக்கில் மிதந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தால், எஞ்சினை நம்பாத ஓர் அடுப்பு படகில் இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் சந்தேகம் வராது.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடலில் பனி பெய்வதில்லையே, உஷ்ணம் எதற்கு என்று கேட்பவர், கச்சான் காற்றில் நனைந்த சட்டையோடு ஓர் இரவு அணியத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த நடுக்கத்துக்கு அடுப்பை எரியவிட்டுக் காய்வது மருந்தாகாது. ஒரு கிலோ வாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. மூடிய அறையில் அடுப்பெரித்தால் துணி உலர்வதற்குப் பதில் சுவரெல்லாம் வியர்க்கும், படுக்கை மேலும் ஈரமாகும், கூடவே விஷவாயுவும் சேரும். உலர்த்துவதற்கு உரிய உஷ்ணம் படகில் வேறிடத்தில் விரயமாகிக்கொண்டிருக்கிறது. டீசல் எஞ்சின் எரிக்கும் எண்ணெயின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் படகைத் தள்ளப் பயன்படுகிறது. மிச்சமெல்லாம் புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் கடலுக்குப் போய்விடுகிறது. கால்வாய்ப் படகுக்காரர்கள் அந்தச் சுடுநீரைச் செப்புக் குழாய்ச் சுருள் வழியே ஒரு தொட்டிக்குள் செலுத்தி, குளிக்க வெந்நீர் பெறுகிறார்கள். நம் படகு கட்டுபவர்களின் கைத்திறனுக்கு இது பெரிய காரியமன்று. எஞ்சின் அறையின் மேற்சுவரை ஒட்டி, புகைக்குழாய்க்கு எட்டாத தூரத்தில், காற்றோட்டமுள்ள ஒரு துணி உலர்த்தும் பெட்டி அமைத்தாலும் பாதிக் குறை தீரும்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். எரிபொருளின் விலையிலிருந்து தொடங்குகிறவர் தவறான அடுப்பையே தேர்ந்தெடுப்பார். எரிந்த காற்று எங்கே போகும், கசிந்த வாயு எங்கே இறங்கும் என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குகிறவருக்கு வழி தானாகவே புலப்படும். ஒரே நாளில் திரும்பும் வள்ளத்துக்கு நெருப்பே வேண்டாம்; நல்லதொரு பிளாஸ்கில் சாயாவும் தூக்கில் சோறும் போதும். இரண்டு மூன்று நாள் தங்குபவருக்குத் திறந்த தளத்தில் வைத்த மண்ணெண்ணெய் அடுப்பு போதுமானது. மாதக்கணக்கில் தங்கும் விசைப்படகுக்கு வாயு அடுப்பே பொருத்தம். ஆனால் சிலிண்டர் அறைக்குள்ளோ தளத்தின் கீழேயோ இருக்கக் கூடாது. மேல்தளத்தில், படகின் உட்புறத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு பெட்டியில் அதை நிறுத்தி, பெட்டியின் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரமிட்டு, கசிந்தது நேரே கடலில் விழும்படி குழாய் வைக்க வேண்டும். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் கட்டாயமாக உள்ள ஏற்பாடு இதுவே. சமையல் முடிந்ததும் அடுப்புத் திருகோடு நில்லாமல் சிலிண்டரின் வாயையும் அடைப்பதும், எஞ்சினைக் கிளப்புமுன் அடித்தளத்தின் மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்ப்பதும் செலவில்லாத பழக்கங்கள்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. எஞ்சினைப் பிரிப்பதும் அடிப்பக்கம் சுரண்டுவதும் சாயம் பூசுவதும் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன; ஜூன் 29-இல் பேதுரு பவுல் திருநாளும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. படகு உரிமையாளர்களே, இந்த வருஷம் சாயப் பீப்பாயைத் திறக்குமுன், சிலிண்டர் நிற்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அது தளத்துக்குக் கீழே இருக்குமானால், வெல்டரைக் கூப்பிட்டு மேலே ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள். பெட்டிக்கு அடியில் துவாரம் வைக்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.